ஒரு பக்கம் இறங்கிய நம்பர் பிளேட்

கோணல்தான். சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தபோதும் கோணல், வாசற்படியில் நின்று பார்த்தபோதும் கோணல், இப்போது போர்ட்டிகோவில் வண்டிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து மூக்கு இடிக்கிற தூரத்தில் பார்த்தாலும் கோணல்தான். டி.என். என்று ஆரம்பிக்கிற பக்கம் கீழே இறங்கியிருக்கிறது, நம்பர் முடிகிற பக்கம் மேலே ஏறியிருக்கிறது. கொஞ்சம் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது, கட்டைவிரல் அகலம் இருக்கும். புது பம்பர், பளபளவென்று இருக்கிறது, அதில் இப்படி ஒரு நம்பர் பிளேட். நான் திருப்புளியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு என் சொந்த வீட்டு வாசலில் திருடியைப்போல உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே அவர் தூங்குகிறார். பக்கத்து அறையில் ஏசியைப் போட்டுக்கொண்டு மகள் தாரணியும் பேத்தி குட்டியும் தூங்குகிறார்கள். சாயங்காலம் அவர்கள் இரண்டு பேரையும் கோயமுத்தூர் ஏர்ப்போர்ட்டுக்கு இவர்தான் ஓட்டிக்கொண்டு போகப்போகிறார். பெருந்துறையைத் தாண்டினால் நாலு வழிச்சாலை, லாரி லாரியாக வரும். மகள் முன்னால் உட்காருவாள், குட்டி பின்னால் என் மடியில். அதற்குள் இதை நேராக்கிவிட வேண்டும். போலீஸ் பிடித்தால் வம்பு, நம்பர் பிளேட் கோணலாக இருந்தால் நிறுத்துவான் என்று யாரோ சொன்னார்கள். யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. நானாகச் சொல்லிக்கொண்டேன். மத்தியானச் சோறு போடும்போது அந்தக் காரணத்தைக் கண்டுபிடித்து, ரசம் ஊற்றுவதற்குள் அதை நானே நம்பியும்விட்டேன்.

பெரிய ஸ்க்ரூ இரண்டு, அந்தக் கோடிக்கு ஒன்று, இந்தக் கோடிக்கு ஒன்று. அவர் முடுக்கினால் முடுக்கினதுதான், சீக்கிரத்தில் அசையாது. கை இன்னும் பலமாகத்தான் இருக்கிறது, அதில் குறையில்லை, கை அல்ல பிரச்சினை. அப்போ என்ன பிரச்சினை என்று கேட்டால் அதற்குள் நான் போகப்போவதில்லை, ஸ்க்ரூவைக் கழற்றுகிறேன். திருப்புளி நழுவுகிறது. உள்ளங்கை வேர்த்திருக்கிறது. காலையில் இதே இடத்தில் அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார், முதுகு தெரிந்தது, பனியன் நனைந்திருந்தது. ஒர்க்‌ஷாப்பில் புது பம்பரை மாட்டிவிட்டு, பிளேட்டையும் மாட்டித் தரட்டுங்களா என்று கேட்டார்களாம். வேண்டாம், அதை நான் பார்த்துக்கிறேன் என்று பிளேட்டைப் பேப்பரில் சுற்றிக் கையோடு வாங்கி வந்துவிட்டார். நாற்பது வருசம் கட்டட சூப்பர்வைசர். ஈரோட்டிலும் திருப்பூரிலும் இவர் நின்று எழுப்பாத சுவரா? இன்னொருத்தன் ஒரு பிளேட் மாட்டி இவர் பார்ப்பதா? துளைபோடும் மிஷினை எடுத்தார், பம்பரில் துளை போட்டார், மாட்டினார், எழுந்து நாலடி பின்னால் போய் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார். பார்த்துவிட்டு என்னைக் கேட்டார். எப்போதும் கேட்பார். கல்யாணமான வருசத்திலிருந்து கேட்கிறார். சாமி படம் மாட்டினாலும், கொடிக்கம்பி கட்டினாலும், ஃபேனை மாட்டினாலும், கடைசியில் என் பக்கம் திரும்பாமலே, நேரா இருக்குதா மணி என்பார். நான் நேரா இருக்குதுங்க என்பேன். அது ஒரு வழக்கம். சாப்பிட்டாச்சா என்று கேட்பதுபோல. நான் சரிபார்த்துச் சொல்ல வேண்டும் என்று அவரும் நினைத்ததில்லை, நானும் நினைத்ததில்லை, ஏனென்றால் அவர் மாட்டியது எதுவும் கோணலாக இருந்ததே கிடையாது. காலையிலும் கேட்டார். நான் அடுப்பில் பருப்பை வைத்துக்கொண்டு, முகத்தைக்கூடத் திருப்பாமல், நேரா இருக்குதுங்க என்றேன். அவர் திருப்தியாகக் கைகழுவப் போனார். அப்புறம்தான் நான் ஜன்னலைப் பார்த்தேன்.

ஒரு ஸ்க்ரூ வந்துவிட்டது. முந்தானையில் முடிந்துகொள்கிறேன், உருண்டு வண்டிக்கு அடியில் போனால் குனிந்து எடுக்க என் முழங்கால் இடம்தராது. இந்த மனுசனுடைய கண்ணைப்பற்றிக் கட்டட வேலைக்காரர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு மேஸ்திரி சரியாக இருக்கிறது என்பாராம், இவர் தெருவிலிருந்தே, மூணாவது வரி சாஞ்சிருக்குது பாரப்பா என்பாராம். மேஸ்திரி மறுபடி வைத்துப் பார்த்தால் கண்ணாடிக்குள் குமிழி ஒரு நூல் தள்ளி நிற்குமாம். அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு இவருக்கும் தலைக்கனம் ஏறிப்போய்ச் சொந்த ரசமட்டத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். எடுத்தே பல வருசம். என் கண்ணுல இருக்குது ரசம் என்பார். விருந்துக்குப் போகிற வீட்டிலெல்லாம் படத்தைப் பார்ப்பார், காலண்டரைப் பார்ப்பார், கை சும்மா இருக்காது, எழுந்து போய் நேராக்கிவிட்டு வருவார். எனக்கு மானம் போகும். தாரணியைப் பெண் பார்க்க வந்தார்கள், மாப்பிள்ளையினுடைய அப்பா போட்டிருந்த கண்ணாடி ஒருபக்கமாக இறங்கியிருந்தது, இவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார், கையை நீட்டிவிடப்போகிறார் என்று நான் உள்ளேயிருந்து பதறிக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்டவர். அப்படிப்பட்டவர் போன மாதம் ஹாலில் காலண்டரைக் கோணலாக மாட்டினார். ஆணி தளர்ந்திருக்கும் என்று நான் நேராக்கி வைத்தேன். மறுநாள் மறுபடி கோணலாக இருந்தது. காற்று என்று நினைத்தேன். ஹாலில் எங்கிருந்து காற்று வந்தது என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை, மறுபடி நேராக்கினேன். அவரும் நானும் மாறி மாறி ஒரு காலண்டரைத் திருப்பிக்கொண்டிருந்திருக்கிறோம், ஒருவருக்கொருவர் தெரியாமல்.

இரண்டாவது ஸ்க்ரூ. இது வரமாட்டேன் என்கிறது. வந்துவிடு சாமி. காலண்டர் ஒன்று. செருப்பு இரண்டாவது. பால் வாங்கப் போனவர் திரும்பி வரும்போது வலது காலில் மட்டும் செருப்பு. இடது கால் செருப்பு தெருமுனையில் கிடந்தது, எதிர்வீட்டுக்காரி எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பொண்டாட்டிய மறந்தாலும் பரவாயில்லை, செருப்பை மறந்துட்டு வர்றீங்களே என்றேன். அவரும் சிரித்தார். சிரிக்கிறதுக்கு முன்னால் காலைக் குனிந்து பார்த்தார், பார்த்த பார்வையில் ஒரு ஆச்சரியம் இருந்தது, அந்தக் கால் யாருடையதோ என்கிற மாதிரி. அதை நான் பார்த்தேன். பார்த்ததை எங்கேயோ போட்டுவிட்டேன். மூன்றாவது கேட் தூண். நாங்களே கட்டின தூண், இவரே நூல்பிடித்து நிறுத்தின தூண், இத்தனை வருசமாக இரண்டு பக்கமும் இடைவெளிவிட்டு ஒரே வீச்சில் வண்டியை உள்ளே விடுகிறவர், போன வாரம் இடது பக்கத் தூணில் கொண்டுபோய் நேராக மோதினார். உரசல் இல்லை, மோதல். பம்பர் பிளந்துவிட்டது. இறங்கி வந்து தூணைத்தான் திட்டினார். அடித்தளம் நகர்ந்திருக்குது, தூண் உள்ளே தள்ளி வந்திருக்குது, மழைத்தண்ணி இறங்கியிருக்கும், ஆள் கூப்பிட்டுப் பார்க்கணும் என்றார். மழை பெய்தே நாலு மாதமாகிறது. நானும் ஆமாங்க, தள்ளித்தான் வந்திருக்குது என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது, எதையாவது சொல்ல வேண்டியிருந்தது, சொன்னேன்.

எல்லாம் இடது பக்கம். செருப்பு இடது. தூண் இடது. பிளேட்டில் இறங்கியிருப்பதும் அவர் உட்கார்ந்து மாட்டிய இடத்திலிருந்து பார்த்தால் இடது. இதை நான் சேர்த்துப் பார்க்கக்கூடாது என்றுதான் இத்தனை நாள் தனித்தனியாக வைத்திருந்தேன், வத்தலையும் வடகத்தையும் தனித்தனி டப்பாவில் போடுகிற மாதிரி. மச்சாண்டாருக்கு, அதுதான் இவருடைய அண்ணனுக்கு, இப்படித்தான் ஆரம்பித்தது. வேட்டியை ஒரு பக்கமாகக் கட்டிக்கொண்டு வருவார், ஒரு முனை தரையில் இழுபடும். வயசானால் வேட்டிகூட நிற்கமாட்டேங்குது என்று வீடே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். அப்புறம் ஒரு நாள் தட்டில் கைவைத்தவர் கையை எடுக்கவில்லை. பக்கவாதம். அப்புறம் கட்டிலோடு. அக்கா, அவருடைய சம்சாரம், குளிப்பாட்டிவிடுவாள், சோறு ஊட்டுவாள், வாயின் ஒரு ஓரத்தில் ஒழுகும், துடைப்பாள். நாங்கள் பார்க்கப் போகும்போதெல்லாம் இவர் அண்ணனுடைய கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருப்பார், வெளியே வந்ததும் ஒன்றுமே பேசமாட்டார். ஒரு தரம் மட்டும் வண்டியில் வரும்போது சொன்னார். முன்னாடியே பார்த்திருந்தால் இந்த அளவுக்கு வந்திருக்காதாம் மணி, டாக்டர் சொன்னார், வீட்டில் யாரும் கவனிக்கலை. யாரும் கவனிக்கலை. நான் கவனித்துவிட்டேன். கவனித்துவிட்டு என்ன செய்கிறேன்? ஸ்க்ரூவைக் கழற்றுகிறேன்.

வந்துவிட்டது. பிளேட் கையோடு வந்துவிட்டது, லேசாக இருக்கிறது, இவ்வளவுதானா இது. பம்பரில் இரண்டு துளை. சுத்தமான துளை, பிசிர் இல்லாமல். ஒன்று மேலே, ஒன்று கீழே. அவர் பென்சிலால் கோடு போட்டிருக்கிறார், துளை போடுவதற்கு முன்னால் அளந்து கோடு போட்டிருக்கிறார், அந்தக் கோடே ஒரு பக்கம் இறங்கிப் போகிறது. கை தவறி இறங்கியிருந்தால் பரவாயில்லை. கோடு போட்டு, நிதானமாக, நேர் என்று நினைத்தே இறக்கியிருக்கிறார். இரு, அவசரப்படாதே வசந்தாமணி. பம்பரே கோணலாக இருக்கலாம். ஒர்க்‌ஷாப்காரன் கோணலாக மாட்டியிருக்கலாம், இவர் கண் அதைக் கண்டுபிடித்து அதற்கு ஏற்றமாதிரி மாட்டியிருக்கலாம். அப்படியும் இருக்குமல்லவா? இருக்கட்டும் சாமி, அப்படி இருக்கட்டும். விளக்குமாற்றிலிருந்து ஒரு குச்சியை உருவினேன். தரையிலிருந்து பம்பரின் அடிவிளிம்பு வரைக்கும் இந்தக் கோடியில் அளந்து நகத்தால் கிள்ளினேன். அந்தக் கோடிக்குப் போய் வைத்தேன். கிள்ளின இடத்தில் சரியாக வந்து நின்றது. பம்பர் நேர். அடுத்து இன்னொரு பயம் வந்தது, இது அதைவிட நல்ல பயம், அதனால் அதைப் பிடித்துக்கொண்டேன். கோணல் என் கண்ணில் இருந்தால்? எனக்குத்தானே சர்க்கரை இருக்கிறது, எனக்குத்தானே கண்ணுக்கு மருந்து விடுகிறார்கள். அவர் நேராக மாட்டியிருக்கிறார், எனக்குத்தான் கோணலாகத் தெரிகிறது. எனக்கு என்ன வந்தாலும் பரவாயில்லை, வண்டி ஓட்டுவது நான் இல்லையே. குச்சியை எடுத்து முதல் துளைக்கு அளந்தேன், கிள்ளினேன். இரண்டாவது துளையில் வைத்தேன். கட்டைவிரல் அகலம் இடிக்கிறது. குச்சிக்கு என்னைப்போல வயசாகவில்லை, சர்க்கரையும் இல்லை.

சரி, மாட்டிவிடலாம். மாட்டிவிட்டு அப்புறம் யோசிக்கலாம். மேலே இருக்கும் துளை சரியாக இருக்கிறது, கீழே இறங்கின துளைக்குத்தான் மேலே புதிதாக ஒன்று போட வேண்டும். துளைபோடும் மிஷினை எடுத்தால் தெருவே எழுந்துவிடும். எனக்கு வேறு வழி தெரியும். உடைந்த பிளாஸ்டிக் வாளியில் கறிவேப்பிலை வைப்பதற்கு அடியில் ஓட்டை போடுகிறேனே, அதே வழி. உள்ளே போனேன், மெதுவாக, மெட்டி சத்தம் கேட்காமல். அவருடைய அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. மூச்சு சத்தம் கேட்டது. வலது பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தார், இடது கை முதுகுக்குப் பின்னால் மறந்து வைத்த சாமான்போலக் கிடந்தது. எப்போதும் இப்படித்தான் படுப்பாரா? கூடப் படுத்துக்கொண்டே இத்தனை வருசம் கவனிக்கவில்லையே. கேஸ் அடுப்பைப் பற்றவைத்து, பெரிய ஆணியை இடுக்கியில் பிடித்துச் சிவக்கக் காய்ச்சினேன். ஆணி சிவக்கிற வரைக்கும் நின்றுகொண்டு தாரணியிடம் சொல்வதா என்று யோசித்தேன். சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும். பம்பாயில் அவளே கார் ஓட்டுகிறாள், அங்கே கூட்டத்தில் ஓட்டுகிறவளுக்கு இந்த ரோடு ஒரு பொருட்டா? அப்பா, சாவியைக் கொடுங்க என்று கேட்டுவிடுவாள். வந்த அன்றைக்கே, எதுக்கப்பா இந்த வயசில ஹைவேஸ்ல ஓட்டறீங்க என்று கேட்டாள். அவர் இரண்டு நாள் அவளிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை. வேலையை விட்டு நின்ற பிறகு அவருக்கு இருப்பது இந்த வண்டி ஒன்றுதான். யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் இவர்தான் வண்டி எடுத்துக்கொண்டு போவார், யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் பெரியவர்களை ஏற்றிக்கொண்டு வருவார். அதையும் பிடுங்கினால் ஹாலில் உட்கார்ந்து காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதுவும் நேராகத் தெரியாது. ஆணி சிவந்துவிட்டது.

பம்பரில் வைத்ததும் புகை வந்தது. பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம், வாளியில் போடும்போது இவ்வளவு நாறாதே. கையால் விசிறினேன். கைவிட்டு விசிறினால் நாற்றம் போய்விடுமா, முட்டாள்தனம், விசிறினேன். துளை விழுந்துவிட்டது. அவர் போட்டதுபோல அழகாக இல்லை, விளிம்பு உருகிச் சுருண்டிருக்கிறது, பிளேட் மறைத்துக்கொள்ளும். பிளேட்டை வைத்தேன். ஒரு ஸ்க்ரூ, இன்னொரு ஸ்க்ரூ. முடுக்க முடுக்கப் பழைய துளை பிளேட்டுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. முந்தானையால் பிளேட்டைத் துடைத்தேன். புது பம்பர் மாட்டினதுக்குக் காலையில் அவர் வைத்த சந்தனமும் குங்குமமும் பிளேட்டுக்கு மேலே அப்படியே இருந்தது, அதுவும் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாகத்தான் இருந்தது, அதை மட்டும் நான் தொடவில்லை. எழுந்தேன். முழங்கால் பிடித்துக்கொண்டது, பானட்டில் கை ஊன்றினேன், சூடு. நாலடி பின்னால் போய் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தேன். நேர். அழகாக, கடையில் மாட்டினமாதிரி நேர். அப்பாடா என்று இருந்தது. சாயங்காலம் தாரணி வெளியே வந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, யாருக்கும் ஒன்றும் தெரியாது, அப்பா மாட்டினார் என்பாள், கண்ணுன்னா அது அப்பாவினுடைய கண்ணு என்பாள்.

யாருக்கும் ஒன்றும் தெரியாது. அந்த நினைப்பு வந்த அதே நிமிசம் வேர்த்துக் கொட்டியது. காலண்டரை நேராக்கினேன், ஒருத்தரும் பார்க்கவில்லை. செருப்பைச் சிரித்துத் தள்ளினேன். தூண் தள்ளி வந்துவிட்டது என்றேன். இப்போது இது. கோணலாக இருந்தவரைக்கும் இந்த வீட்டில் ஒரு பொருளாவது உண்மையைச் சொல்லிக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றது, அதையும் துடைத்து வைத்துவிட்டேன். இனி ரோட்டில் போகும்போது இடது பக்கம் ஒரு ஸ்கூட்டர் வரும். அவருக்குத் தெரியாது. இடது பக்கம் ஒரு லாரி நிற்கும், விஜயமங்கலத்துக்கிட்டே எப்போதும் ஓரமாக நிறுத்திவைத்திருப்பான், விளக்குக்கூடப் போடமாட்டான். அவருக்கு அந்தப் பக்கமே இருக்காது. அங்கே ஒன்றும் இல்லை என்று நினைத்து நிதானமாக, நேர் என்று நினைத்தே போவார், பென்சில் கோடு மாதிரி. முன்னால் இடது பக்கத்தில் உட்கார்ந்திருப்பது யார்? தாரணி. பின்னால் என் மடியில் குட்டி, அம்மாயி பாட்டுப் பாடு என்று கேட்டுக்கொண்டு. அவருடைய மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து என் மகளைக் கொண்டுபோய் லாரியில் வைக்கிறேன். கழற்றி மறுபடி கோணலாக மாட்டிவிடலாமா? என்ன பைத்தியக்காரத்தனம் இது. திருப்புளியை எடுத்தேன், கீழே வைத்தேன், எடுத்தேன். அப்போது பின்னால் கதவு சத்தம் கேட்டது.

அவர் படியில் நின்றுகொண்டிருந்தார். இறங்கும்போது இடது தோள் கதவு நிலையில் இடித்தது, அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. என்ன நாத்தம் என்று கேட்டுக்கொண்டே வந்தவர் வண்டிக்கு முன்னால் நின்றுவிட்டார். பிளேட்டைப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார், நிமிர்த்திப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும், மாப்பிள்ளையினுடைய அப்பாவின் கண்ணாடியைப் பார்த்த பார்வை.

"ஏம்மணி, இதைய ஆரு கோணையாக்குனது?"

அவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, என் கையிலிருந்த திருப்புளியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஸ்க்ரூவைக் கழற்றினார். நான் போட்ட துளையைப் பார்த்துவிட்டு, என்ன புள்ள இது, வாளின்னு நினைச்சுக்கிட்டியா என்றார், கோபமாகக்கூட இல்லை, செல்லமாக. பிறகு பிளேட்டை அவருடைய பழைய துளைக்கே இறக்கி வைத்து முடுக்கினார். எவ்வளவு பொறுமையாக முடுக்கினார். ஒரு பக்கம் கொஞ்சம், மறுபக்கம் கொஞ்சம், விரலால் விளிம்பைத் தடவித் தடவி. ஒரு குழந்தைக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவதுபோல அந்தப் பிளேட்டைக் கோணலாக்கினார். எழுந்தார். நாலடி பின்னால் வந்து எனக்குப் பக்கத்தில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"இப்ப நேரா இருக்குதா மணி?"

நேரா இருக்குதுங்க. வாய்க்குள் தயாராக வந்து நின்றது, வழக்கமாக வருகிற சொல், தள்ளிவிட்டால் போதும், உள்ளே போய்க் காப்பி போட்டுவிடலாம். உள்ளே குட்டி இருமுகிற சத்தம் கேட்டது. தூக்கத்தில் இருமுகிறாள். ஏசி ஒத்துக்கொள்ளவில்லை.

"இல்லீங்க," என்றேன். "கோணையா இருக்குதுங்க."

அவர் சிரித்தார். நல்லாப் பாரு என்றார். நல்லாப் பாத்துட்டனுங்க என்றேன். குச்சியை எடுத்துக் காட்டினேன், அளந்ததைச் சொன்னேன். அவர் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது, எடுக்க மறந்துவிட்டதுபோல. பிளேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பிளேட்டைப் பார்த்தார். எனக்கு நேராத்தான் தெரியுது என்றார், மெதுவாக, யாரிடமோ வழி கேட்கிறவர்போல. எதிர்வீட்டுச் சுவரில் உட்கார்ந்திருந்த காக்கை பறந்தது, அதை அவர் பார்க்கவில்லை, அது இடது பக்கம். பீரோவில் ரசமட்டம் இருக்கும், எடுத்துட்டு வா என்றார். இத்தனை வருசத்தில் அவர் அதைக் கேட்டு நான் கேட்டதில்லை. கொத்துச்சாவியில் பீரோ சாவியைத் தேடி எடுத்துத் திறந்தேன். துணிக்கெல்லாம் அடியில், மஞ்சள் துணியில் சுற்றி, பூஜைச் சாமான்போல இருந்தது.

பிளேட்டின் மேல்விளிம்பில் இரண்டு கையாலும் பிடித்து வைத்தார். குமிழி நடுவில் இருக்கும் இரண்டு கோட்டையும் விட்டு ஓடிப்போய் மேட்டுப்பக்கக் கோடியில் ஒட்டிக்கொண்டது. அவர் விடவில்லை. ரசமட்டத்தையே சந்தேகப்படுகிற மேஸ்திரிகள் செய்வதுபோல முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பி வைத்துப் பார்த்தார். ரசமட்டம் தப்பாக இருந்திருந்தால் இப்போது குமிழி மாறி வேறு பக்கம் போயிருக்க வேண்டும். போகவில்லை. அதே கோடிக்குத்தான் போனது. அவர் உட்கார்ந்தபடியே அந்தக் குமிழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்கழுத்தில் வேர்வை வழிந்தது. காலையில நேரா இருக்குதுன்னு சொன்னியே என்று என்னைக் கேட்டார். பாக்காமச் சொல்லீட்டனுங்க என்றேன், அழுகை வந்துவிட்டது. அவர் தலையை ஆட்டினார். பிறகு தலையைத் திருப்பி, இடது பக்கம் நன்றாகத் திருப்பி, கேட்டைத் தேடிப் பார்த்தார். அந்தத் தூணையே பார்த்தார்.

"அப்ப அந்தத் தூணு நேராத்தான் நின்னுட்டு இருந்துருக்குது," என்றார்.

ஆமாங்க என்றேன். அவர் சட்டைப் பையில் கைவிட்டு வண்டிச் சாவியை எடுத்தார். கொஞ்சநேரம் உள்ளங்கையில் வைத்திருந்துவிட்டு என்னிடம் நீட்டினார். தாரணியை எழுப்பு, அவளே ஓட்டட்டும் என்றார். ஏர்ப்போர்ட்டுக்கில்ல, முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போலாம், அண்ணனுக்குப் பாத்த டாக்டர் இருந்தாப் பாரு என்றார். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன். அவர் பம்பரைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தார், முதல் தடவை முடியவில்லை. நான் அவருடைய இடது பக்கமாக வந்து கையைக் கோத்துக்கொண்டேன். அவர் திரும்பி, நான் அங்கேதான் இருக்கிறேனா என்று பார்த்தார்.